தார்ப்பாயில் ஒரு விளையாட்டுக் கூடம்

கிறிஸ்டியை வீட்டுக்கு விருந்துக்கு அழைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. பகல் வேளையாக இருந்தால், வந்ததும் செருப்பைக் கழற்றுவார், நலம் விசாரிப்பார், அப்படியே சுவரோரம் போய் டியூப் லைட்டை அணைத்துவிடுவார். பிறகு அறையின் இருட்டான மூலையில் நின்று கைப்பையிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுப்பார். அதன் பின்பக்கம் எறும்பு எறும்பாக அச்சடித்திருப்பதைப் படித்துப் பார்ப்பார். படிக்க முடிந்தால் பாக்கெட் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு. முடியாவிட்டால், இந்த வீட்டுக்கு யார் பிளான் போட்டது என்று கேட்பார். சில வீடுகளில் அந்தக் கேள்வியின்போது நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, பாயசத்தைக் குனிந்து குடித்திருக்கிறேன்.

நான் கபீர். பாரதியார் சாலையில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் கிறிஸ்டியும் நானும் சேர்ந்து அலுவலகம் வைத்திருக்கிறோம். கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்று அவர் வரைவார். அது விழாமல் நிற்க என்ன வேண்டும் என்று நான் கணக்குப் போடுவேன். எனக்குக் கம்பியும் கான்கிரீட்டும் போதும். வெளிச்சம் வேண்டுமென்றால் சுவிட்ச் இருக்கிறது என்று நினைக்கிற ஆள் நான். பதினோரு வருடமாக நாங்கள் பிரியாமல் இருப்பது எங்கள் வீட்டாருக்கே ஆச்சரியம்.

கிறிஸ்டி கோட்டுச்சேரிக்காரர். அவருடைய அப்பா தபால் நிலையத்தில் வேலை பார்த்தவர். பெண்ணைத் திருச்சியில் கட்டடக்கலை படிக்க வைத்தார். படிப்பு முடிந்து சென்னையில் ஒரு பெரிய அலுவலகத்தில் சில வருடம் இருந்தார் கிறிஸ்டி. முழுக்கக் கண்ணாடி போட்ட கட்டடங்கள், உள்ளே வெயில் தாங்காமல் திரை, திரை போட்டதால் இருட்டு, இருட்டுக்கு நாள் முழுக்க விளக்கு. இதை எத்தனை தடவைதான் வரைவது என்று கேட்டுவிட்டு ஊருக்கே திரும்பி வந்துவிட்டார். இங்கே யாரும் அவரிடம் பெரிய கட்டடம் கேட்கவில்லை. சமையலறை எந்த மூலை, மாடிப்படிக்குக் கீழே பைக் நிற்குமா, இதுதான் வேலை. அதையும் முகம் சுளிக்காமல் செய்வார். கோபமெல்லாம் பகலில் எரிகிற விளக்கின் மேல் மட்டும்தான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மே மாதத்தில் அஞ்சுகம் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். திருவேட்டக்குடியில் ஒரு பள்ளியின் விளையாட்டு ஆசிரியை அவர். பள்ளியின் பெயரை விட்டுவிடுகிறேன். கடலுக்குப் போகிறவர்களின் பிள்ளைகள்தான் அங்கே அதிகம். அந்தப் பெண்பிள்ளைகளை வைத்து அஞ்சுகம் ஒரு நல்ல வாலிபால் அணியை உருவாக்கியிருந்தார். ஆனால் மைதானம் கடற்கரைக்குப் போகிற சாலையை ஒட்டி இருந்தது. எதிரே டீக்கடை. பிள்ளைகள் பந்தை எடுத்தால் போதும், சுற்றுச்சுவரில் ஏறி உட்கார ஒரு கூட்டம் வந்துவிடும். கேலி, விசில், கையில் செல்போன். எட்டாம் வகுப்பு வரை வீட்டில் பொறுத்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு பெண்ணாக நின்றுவிடுவாள்.

"இப்ப பாரதிப்ரியாவும் நிக்கப் போவுது மேடம்," என்றார் அஞ்சுகம். "பத்தாவது முடிச்சிருக்கு. பந்தைத் தூக்கிக் குடுக்குறதுக்கு அந்தப் பொண்ணு மாதிரி இந்த வட்டாரத்துலயே ஆளு கெடையாது. அது நின்னா மத்ததும் நிக்கும்."

பாரதிப்ரியாவின் அப்பா ஆனந்தராஜ் விசைப்படகு ஓட்டுபவர். அவர் பள்ளிக்கு வந்து சொன்னதை அஞ்சுகம் அப்படியே திருப்பிச் சொன்னார். "நாலு சுவத்துக்குள்ள ஆடட்டுங்க டீச்சர், நான் குறுக்க நிக்கல. ஸ்கூல் தொறந்ததுக்கு அப்பறம் வெளியில மட்டும் ஆட வேணாம்."

நான்கு சுவரைக் கட்டப் பள்ளியும் தயாராகத்தான் இருந்தது. தாளாளர் இளையபெருமாள் திருநள்ளாற்றில் அரிசி ஆலை வைத்திருப்பவர். அவர் ஏற்கெனவே ஒரு தகரக் கொட்டகைக்குப் படம் வாங்கி வைத்திருந்தார். நான்கு பக்கமும் தகரம், மேலேயும் தகரம், உள்ளே வரிசையாக விளக்கு, பெரிய மின்விசிறிகள். சீக்கிரம் முடிந்துவிடும்.

"அதுக்குள்ள யாரு மேடம் ஆடுவா," என்றார் அஞ்சுகம். "அடுப்பு மாதிரி கொதிக்கும். கரண்டு பில்லு ஏறுதுன்னு லைட்டைப் போட வுட மாட்டாங்க. ரெண்டு வருசத்துல ஒடஞ்ச பெஞ்சு அடுக்குற எடமாயிடும். அப்பறம் இன்னொரு கூடம் கேட்டா, அதான் ஒண்ணு இருக்கேம்பாங்க."

கிறிஸ்டி அன்றைக்கே வரைய உட்கார்ந்துவிட்டார். கிழக்கு மேற்காக நீண்ட கூடம். பத்தடி உயரத்துக்குச் செங்கல் சுவர், வெளியிலிருந்து யாரும் எட்டிப் பார்க்க முடியாது. அதற்கு மேலே வடக்கிலும் தெற்கிலும் ஜன்னல் வரிசை. காற்று வருவதற்குத் தரையோரம் சாய்ந்த செங்கல் துளைகள். கூரைத் தண்ணீர் தொட்டிக்கு வந்து கழிவறைக்குப் போகும். பந்து பட்டுக் கண்ணாடி உடையாமலிருக்க, படகுக்காரர்கள் கழித்துப் போட்ட வலையை ஜன்னலுக்கு உள்பக்கம் இழுத்துக் கட்டலாம். சாயங்காலம் ஆறு மணி வரை ஒரு விளக்கும் எரிய வேண்டியதில்லை என்றார்.

பெரிய ஜன்னல்களை வடக்கில்தான் வைத்திருந்தார். வடக்கு வெளிச்சத்தில் வெயில் கலக்காது, நிழல் விழாது, கண் கூசாது என்று கல்லூரியில் படித்தது. அதை எனக்குச் சொன்னார், அஞ்சுகத்துக்குச் சொன்னார், டீ கொண்டுவந்தவருக்கும் சொன்னார். என் கவலை வேறு. அவ்வளவு நீளமான, உயரமான சுவர் புயல் காற்றுக்கு நிற்காது. கான்கிரீட் தூண்கள் போடாமல் முடியாது என்றேன். உப்புக் காற்றில் கம்பி எத்தனை நாளைக்கு என்று அவர் கேட்டார். அந்தச் சண்டையை முடிக்காமலே தாளாளரைப் பார்க்கப் போனோம்.

இளையபெருமாள் கெட்டவர் இல்லை. படங்களைப் பொறுமையாகப் பார்த்தார். "நல்லாத்தாங்க இருக்கு மேடம். ஆனா படத்துல எல்லாமே வெளிச்சமாத்தான் இருக்கும். நாளைக்கி கட்டி முடிச்சு, உள்ள இருட்டா இருந்தா நான் யாரைப் போயி கேக்குறது? ஷெட்டுன்னா நான் நாலு எடத்துல பாத்திருக்கேன்."

"பாத்தாதான் நம்புவீங்கன்னா, காட்டுறேன் சார்," என்றார் கிறிஸ்டி. எதைக் காட்டப் போகிறார் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் அந்த நிமிடம் தெரிந்திருக்காது என்பது என் சந்தேகம்.

அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதி வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. படகெல்லாம் கரையில், ஆட்களெல்லாம் ஊரில். வலை பின்னி, வண்ணம் அடித்து, சீட்டாடி, அதற்கு மேலும் பகல் மிச்சமிருக்கும். கிறிஸ்டி நேராக ஆனந்தராஜிடம் போனார். கூடத்தில் ஒரு பகுதியை, பாதி ஆடுகளம் கொள்கிற அளவுக்கு, உண்மையான உயரத்தில் தார்ப்பாயில் எழுப்பிக் காட்ட முடியுமா என்று கேட்டார். ஆனந்தராஜ் முகத்தைக்கூட நிமிர்த்தாமல் வலையிலேயே கண்ணாக இருந்தார். எந்த இடம் என்று மட்டும் கேட்டார்.

நான் பார்த்த கட்டட வேலைகளில் அதைப்போல வேகமாக நடந்த ஒன்று கிடையாது. சவுக்குக் கம்பங்கள் வந்தன. படகை மூடி வைத்திருந்த நீலத் தார்ப்பாய்கள் வந்தன. மைதானத்தில், பள்ளி வாசலுக்கு எதிரிலேயே, எட்டுப் பேர் கம்பத்தில் ஏறிக் கட்டினார்கள். ஒரு ஆணி கிடையாது, எல்லாம் கயிறு. நான் சுற்றிச் சுற்றி வந்து முடிச்சுகளைச் சோதித்தேன். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காதது எரிச்சலாக இருந்தது. கிறிஸ்டி சொன்ன இடத்தில் சுவரும், சொன்ன உயரத்தில் வடக்கு ஜன்னலும் விட்டிருந்தார்கள்.

பிள்ளைகள் காலையில்தான் பயிற்சி எடுப்பார்கள். ஜூன் முதல் வாரத்தில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு இளையபெருமாள் வந்தார். பெற்றோர் சிலரும் வந்தார்கள். பிள்ளைகள் மேற்குப் பக்கம் நின்று, கிழக்கிலிருந்து அஞ்சுகம் அடிக்கிற பந்தை எடுக்க வேண்டும்.

இரண்டாவது பந்திலேயே தெரிந்துவிட்டது. வடக்கு ஜன்னல் வழியாக வெயில் பட்டை பட்டையாக உள்ளே விழுந்துகொண்டிருந்தது. பந்து உயரே போகும், பிள்ளைகள் நிமிர்வார்கள், வெயில் கண்ணில் குத்தும், பந்து எங்கேயோ விழும். ஒரு பந்து பாரதிப்ரியாவின் மூக்கிலேயே விழுந்தது. அவள் மூக்கைத் தேய்த்துக்கொண்டு மறுபடி நின்றாள்.

வடக்கில் வெயில் வராது என்பது குளிர்தேசத்துப் பாடம். நம் ஊரில் மே, ஜூன், ஜூலையில் சூரியன் வடக்கே சாய்ந்துதான் உதிக்கிறது, வடக்கே சாய்ந்துதான் மறைகிறது. வடக்குப் பார்த்த வீட்டில் குடியிருக்கும் எவருக்கும் இது தெரியும். கிறிஸ்டியின் வீடே வடக்குப் பார்த்ததுதான். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். படித்தது அவ்வளவு ஆழமாக உட்கார்ந்திருந்ததால், வாசலில் தினமும் பார்த்ததை வரைபடத்தில் இருவருமே பார்க்கவில்லை.

இளையபெருமாள் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "பரவால்ல மேடம். கட்டுறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுதே. ஷெட்டே போட்டுக்கலாம்."

"தப்பு என்னோடதுதான் சார்," என்றார் கிறிஸ்டி. எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார். "கொஞ்ச நேரம் பிள்ளைங்க ஆடட்டும். நான் பாக்கணும்."

எனக்கு அப்போது கிளம்பிவிட வேண்டும் போலிருந்தது. அஞ்சுகத்தின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனந்தராஜ் ஒரு கம்பத்தில் சாய்ந்து தன் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். கிறிஸ்டி தரையில் உட்கார்ந்தார். பந்தைப் பார்க்கவில்லை, வெயிலைப் பார்க்கவில்லை. பிள்ளைகளின் கைகளைப் பார்த்தார்.

வெயில் கூசினால் நாம் நெற்றிக்கு மேல் கையை வைப்போம். பாரதிப்ரியா அப்படி வைக்கவில்லை. பந்துக்குக் காத்திருக்கும்போது இடது உள்ளங்கையைக் கண்ணுக்குப் பக்கவாட்டில், கன்னத்தை ஒட்டி நிமிர்த்தி வைத்தாள். மற்றப் பிள்ளைகளும் அப்படித்தான் செய்தார்கள். வெயில் மேலேயிருந்து வரவில்லை, சுவரை உரசிக்கொண்டு பக்கவாட்டில் வந்தது.

கிறிஸ்டி எழுந்து என்னிடம் வந்தார். "கபீர் பாய், ஜன்னலுக்கு ஜன்னல் நடுவுல, சுவத்துலேருந்து வெளிய ரெண்டடி நீட்டிக்கிட்டு, செங்குத்தா ஒரு செங்கல் சுவர் இருந்தா?"

"வெயில் உள்ள வராது," என்றேன். பிறகுதான் என் மூளை வேலை செய்தது. நீளமான சுவரில் ஐந்தடிக்கு ஒன்றாக, தரையிலிருந்து கூரை வரை வெளியே நீட்டி நிற்கும் செங்கல் தாங்கல்கள். நான் கேட்ட கான்கிரீட் தூண்களின் வேலையை அவையே செய்துவிடும். கம்பி பாதிக்கு மேல் குறையும். உப்புக் காற்றுக்குத் தின்ன அதிகம் இருக்காது. ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து அடிக்கிற சாரலும் ஜன்னல்மேல் நேராகப் படாது. நாங்கள் இருவரும் வாரக்கணக்கில் போட்ட சண்டை ஒரு பெண்பிள்ளையின் உள்ளங்கையில் முடிந்துபோனது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நல்ல கணக்கு சேர்ந்து வரும்போது எனக்கு எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

இளையபெருமாளை இரண்டு நாள் பொறுக்கச் சொன்னோம். படகுக்காரர்கள் பலகைகளைக் கொண்டுவந்து ஜன்னலுக்கு வெளியே செங்குத்தாகக் கட்டினார்கள். மூன்றாம் நாள் காலை அதே ஏழு மணி. உள்ளே வெயில் இல்லை, வெளிச்சம் மட்டும் இருந்தது. பந்து மேலே போனது, பிள்ளைகள் நிமிர்ந்தார்கள், யாரும் கண்ணைச் சுருக்கவில்லை. பாரதிப்ரியா தூக்கிக் கொடுத்த பந்துகளைப் பார்த்து அதுவரை வாலிபாலே தெரியாத நான் வாயைத் திறந்துகொண்டு நின்றேன். இளையபெருமாள் மூலைக்குப் போய்ச் சட்டைப்பையிலிருந்த மருந்துச் சீட்டை எடுத்துப் படித்தார். கிறிஸ்டி பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினார். அவர் சர்க்கரை நோயாளி, வேண்டாமென்றுவிட்டார்.

"இதையே கட்டிடுவோம்," என்றார். "ஆனா ஷெட்டு மாதிரி சட்டுனு முடியாது போலருக்கே?"

முடியாது. செங்கல் வேலை, கொம்யூன் பஞ்சாயத்து அனுமதி, இடையில் மழைக்காலம். எப்படிப் பார்த்தாலும் இரண்டு வருடம் ஆகும் என்று நான்தான் சொன்னேன். அதைச் சொன்னபோது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. மூன்று பேரும் கைகுலுக்கினோம். அஞ்சுகம் மட்டும் அந்தப் பக்கம் திரும்பிப் பந்துகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

அனுமதிக்கு வரைபடங்களைக் கொடுத்தோம். பள்ளி வாசலுக்கு நேர் எதிரே, தார்ப்பாய்க் கூடம் நின்ற அதே இடத்தில், புதுக் கூடம். சாலையிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும் என்று தாளாளருக்கும் அந்த இடம்தான் பிடித்திருந்தது.

தடைக்காலம் முடிய ஒரு நாள் இருந்தது. படகுகளில் ஐஸ் ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். அவரவர் தார்ப்பாயை எடுத்துக்கொள்ள மைதானத்துக்கு வந்தார்கள். எல்லாம் திரும்பப் போய்ச் சேர்கிறதா என்று பார்க்க நானும் கிறிஸ்டியும் போயிருந்தோம். ஆட்கள் ஏறி அவிழ்க்க ஆரம்பித்தார்கள். கூரையில் ஒரு பாய் போனது, தெற்கில் ஒன்று போனது. சாலைப் பக்கத்து இரண்டு பாய்கள் ஆனந்தராஜின் படகுக்குச் சேர்ந்தவை. அவர் கம்பத்தில் ஏறியவர் அவிழ்க்கவில்லை. தொங்கலாயிருந்த கயிற்றை இழுத்து இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஆனந்தராஜ், நாளைக்கிப் படகு போகுதுல்ல? பாய் வேணாமா?" என்று கீழேயிருந்து கேட்டேன்.

"வேற வாங்கிக்குவேங்க."

இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டார். கிறிஸ்டியைப் பார்த்து, யார் மேலும் குறையில்லாத குரலில் சொன்னார். "நீங்க கட்டுற கூடம் நல்லா வருங்க மேடம். அது வர்றப்ப எம் பொண்ணு பன்னெண்டாவது முடிச்சுப் போயிருக்கும். அதுக்கு இப்பதானே ஆடுற வயசு. இந்த மறைப்பு இருந்தாப் போதும், ஆடட்டும்."

அஞ்சுகம் அன்றைக்கு ஏன் திரும்பிக்கொண்டார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் எங்களிடம் வந்தது ஒரு பெண்ணுக்காக. நாங்கள் வெயிலையும் செங்கலையும் ஜெயித்த குஷியில் அந்தப் பெண்ணைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தோம். பாதி அவிழ்த்தவர்கள் ஆனந்தராஜைப் பார்த்தார்கள். ஒருவர் தன் பாயைத் தோளிலிருந்து இறக்கி, மறுபடி மேலே ஏறினார். இன்னொருவர் எடுத்துக்கொண்டுதான் போனார், அவருக்கு வேறு வழியில்லை. மிச்சமிருந்த ஓட்டையைக் கழித்துப் போட்ட வலையையும் தென்னங்கீற்றையும் வைத்து மூடினார்கள்.

அலுவலகம் வந்ததும் கிறிஸ்டி கம்ப்யூட்டரைத் திறந்து, மனையின் வரைபடத்தை எடுத்து, கூடத்தை அப்படியே பிடித்து மைதானத்தின் பின்பக்கத்து வேலியோரம் தள்ளினார்.

"என்ன பண்றீங்க?" என்றேன்.

"அங்க அஸ்திவாரம் தோண்டுனா அந்தத் தார்ப்பாயை அவுக்கணும் பாய். தள்ளிக் கட்டிட்டா அவுக்க வேணாம்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லத்தான் வேண்டும். மண் பரிசோதனை மறுபடி, தண்ணீர்க் குழாய் மறுபடி, அனுமதிக்கு மறுபடி முதலிலிருந்து. தாளாளரிடம் யார் பேசுவது என்று கத்தினேன். அவர் வரைந்துகொண்டே இருந்தார். நான் கீழே இறங்கி ஒரு டீ குடித்தேன். திரும்பி வந்து என் கணக்குகளை எடுத்து வைத்துக்கொண்டு முதலிலிருந்து போட ஆரம்பித்தேன்.

கூடம் இப்போது கட்டி முடிந்து, பிள்ளைகள் உள்ளே ஆடுகிறார்கள். ஆறு மணி வரை விளக்குப் போடுவதில்லை. பார்க்க வருகிற பொறியாளர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். வாசலுக்கு எதிரே இவ்வளவு நல்ல இடம் காலியாகக் கிடக்க, கூடத்தை ஏன் வேலியோரம் ஒதுக்கிக் கட்டினீர்கள், வரைந்தவர் தவறிவிட்டாரா என்று. அந்த இடம் காலியாக இருக்கவில்லை, அங்கே இரண்டு வருடம் பாரதிப்ரியா ஆடிக்கொண்டிருந்தாள் என்று கிறிஸ்டி பதில் சொல்வார்.